அப்பாவின் காரும் தைவானின் மழையும்!

"புக் பண்ணி ஆறு மாசம் ஆச்சு, இன்னுமா வண்டி வரலை?" 2021-ல் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. ஷோரூமில் சொன்னதையே அப்பாவும் சொல்வார். "ஏதோ சிப் இல்லையாம்."

அப்போது நான் ஜர்னலிசம் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். 'அது என்ன சிப்?' என்று தேட ஆரம்பித்தேன்.

2020 லாக்டௌனில், இனி கார் விற்காது என்று பயந்த கார் நிறுவனங்கள் சிப் ஆர்டரைக் குறைத்தன. வீட்டில் முடங்கியவர்கள் லேப்டாப், போன் என வாங்கிக் குவிக்க, சிப்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. விற்பனை சூடு பிடித்தபோது கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நின்றன. இந்தத் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு லாபத்தில் சுமார் 250 கோடி டாலர் அடிவாங்கும் என்று 2021 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனமே சொன்னது.

போதாக்குறைக்கு, தைவானில் வறட்சி. 56 ஆண்டுகளில் முதல்முறையாக, 2020-ல் ஒரு சூறாவளிகூட அங்கே கரையைக் கடக்கவில்லை. மற்ற நிறுவனங்களுக்கு சிப் தயாரித்துக் கொடுப்பதில் உலகிலேயே பெரியதான டி.எஸ்.எம்.சி இருப்பது அங்கேதான். சிப் தயாரிப்பில் பல கட்டங்களில் மிகமிகச் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். 2019-ல் தைவானில் அந்த நிறுவனத்தின் ஒருநாள் தேவை சுமார் ஒன்றரை லட்சம் டன்னாக இருந்தது. நம்ம ஊர் 12,000 லிட்டர் லாரியில் 12,500 லோடு!

மழை இல்லாததால், அவர்களும் லாரித் தண்ணீரை வாங்கினார்கள். 2019-ல் சென்னையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற எனக்கு, அந்த போட்டோ அந்நியமாகத் தெரியவில்லை.

"ஃபேக்டரி நிக்கலைப்பா. சமாளிச்சுட்டாங்க" என்றேன்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். "வயலுக்குத் தண்ணி விட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி தேடினேன். 70 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனத்தை நிறுத்தியிருந்தது தைவான் அரசு. நஷ்டஈடு கொடுத்தார்கள். ஆனால், நடவு இல்லை.

ஒரு நிறுவனத்தின் கணக்கில் நஷ்டம் தெரியவில்லை என்றால், நஷ்டமே இல்லை என்று அர்த்தமில்லை. அது வேறு யார் தலையிலோ இறங்கியிருக்கலாம். அடுத்த ஆண்டே, கழிவுநீரைச் சுத்திகரித்து சிப் ஆலைக்குக் கொடுக்கும் நிலையம் தைவானின் தைனானில் செயல்படத் தொடங்கியது. வயலோடு போட்டி போடாத தண்ணீர்தான் ஆலைக்கும் நிலையான தண்ணீர்.

எட்டாவது மாதம் கார் வந்தது. முதல் பயணம் ஊருக்கு. வழியில் நல்ல மழை. "புது வண்டி நனையுதே" என்றாள் அம்மா.

வைப்பரைப் போட்டபடி அப்பா சொன்னார், "பெய்யட்டும்."