அடுக்கினவன் பேர்

பறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் பறையை இறக்கி வைத்துவிட்டு மைக்செட் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவர்களும் இருக்கிறோம். எங்களைப் பற்றி யாரும் எழுதி நான் படிக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். அடி அண்ணாமலை காலனிக்காரன் நான். மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர்.

எங்க நைனா பறை அடித்தவர். "சாவுக்கு அடிக்கிறது என்னோட போவட்டும்டா கண்ணு, நீ கரண்ட் வேலைக்குப் போ" என்று டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் கொண்டுபோய் விட்டார். 1980களின் கடைசி அது. டிரான்சிஸ்டர் செட் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் முதலாளி பழைய வால்வு செட்டை விடவில்லை. இரும்புப் பெட்டி, மேலே கண்ணாடி வால்வுகள், பின்னால் பெரிய டிரான்ஸ்பார்மர். சுவிட்சைப் போட்டதும் பேசாது. வால்வு சிவந்து சூடேறணும். நைனா ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா இது, பறை மாதிரியே இதையும் காய்ச்சினாத்தான் பேசுது" என்றார்.

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். சாதியைப் பற்றிக் கற்ற பாடமும் அதுவேதான்.

ஒரு ஊர்த் திருவிழா. ஊர்ப் பேர் வேண்டாம். கோபுரத்துக்கு மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டணும். வெளிப்பக்கமாகச் சவுக்கு ஏணி வைத்து நான் ஏறிக் கட்டினேன். சாமி தலைக்கு மேலே நின்றேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து செட்டைக் கோயில் மண்டபத்தில் வைக்கப் போனேன். "டேய், எங்கடா உள்ள வர்ற? பெட்டிய தெருவுல வை" என்றார்கள். மைக் ஒயரை வாசல்படியோரம் நீட்டினேன். ஊர்ப் பையன் ஒருத்தன் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஒயர் உள்ளே போகலாம். நான் போகக்கூடாது.

இதில் அவமானம் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன். கொதிக்கிற வால்வு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். கூரையுள்ள மண்டபம் இருக்கும்போது செட் தெருவில் பனியில் நனைகிறது. ஒயர் ஆள் நடக்கிற பாதையில் கிடக்கிறது. வண்டி ஏறுகிறது, தோல் உரிகிறது. அங்கே ஈரக்காலோடு யாராவது மிதித்தால் என்ன ஆகும்? தீண்டாமை அங்கே ஷாக் அடிக்கிற ஒயராகக் கிடக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே தென்முடியனூரில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது அந்த வாசல்படிதான்.

தொழிலைச் சொல்கிறேன். புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு இது உதவும்.

வால்வு செட்டுக்குக் காற்று வேணும். சுவரை ஒட்டி வைக்காதே, பின்னால் ஒரு சாண் இடம் விடு. மேலே பேனர் துணி, சாக்கு, துண்டு எதையும் போடாதே. தீப்பிடிக்கும். குழாயும் பாக்ஸும் மாட்டாமல் சுவிட்சைப் போடாதே. பேச வாய் இல்லாமல் செட் வேலை செய்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். குழாய்களின் வாட்ஸ் எல்லாம் கூட்டினால் செட்டின் வாட்ஸைத் தாண்டக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று திறந்து கை வைக்காதே. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலே ஓடுகிறது, கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்திய உடனே தூக்காதே. சூட்டோடு அதிர்ந்தால் வால்வு போச்சு.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடியதற்குப் பிறகு, கானாவும் கிதாரும் ஒரே மேடையில் நிற்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆசையாகிவிட்டது. ஒரு ஏப்ரல் 14க்கு எங்கள் காலனிக்குச் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. கிதார்காரத் தம்பி தன் ஆம்ப்ளிபயரை இறக்கினான். பின்னால் எட்டிப் பார்த்தேன். நாலு வால்வு! செத்துப்போனவன் எதிரில் வந்து நின்றது போல இருந்தது. உலகமெல்லாம் கிதார்காரர்கள் இன்னும் வால்வைத்தான் தேடுகிறார்களாம். நாம் தூக்கிப் போட்ட அதே வால்வை.

அந்தத் தம்பிதான் ஒரு கதை சொன்னான். 1965 வாக்கில் லண்டனில் தி ஹூ என்ற குழுவின் கிதார்காரர் பீட் டவுன்ஷெண்ட், ஜிம் மார்ஷல் என்ற கடைக்காரரிடம் எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் போட்டுத் தரச் சொன்னார். செய்து கொடுத்தார். தூக்குகிற ஆட்களால் தூக்க முடியவில்லை, முறையிட்டார்கள். பிறகு அதை இரண்டாக்கி, நாலு நாலு ஸ்பீக்கராக, ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்கள். அதற்கும் மேலே ஆம்ப்ளிபயர். உலகம் முழுக்க மேடையில் பார்க்கிற அந்த அடுக்கு இப்படித்தான் வந்தது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுமக்கிறவன் முதுகு வலிக்குது என்று சொன்னதால் ஒரு பொருளின் உருவமே மாறியிருக்கிறது. நம் ஊரில் சுமக்கிறவன் சொன்னால் எவன் கேட்கிறான்?

அந்த மாதிரி நாலு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று 35 கிலோவுக்கு மேலே வரும். இரண்டு பேர் இல்லாமல் தூக்கக்கூடாது. கனமானது கீழே, லேசானது மேலே. மேல் பெட்டியின் ரப்பர் கால் கீழ்ப் பெட்டியின் குழியில் உட்கார்ந்திருக்கணும். மண் தரையில் நேராக வைக்காதே, பலகை போட்டு மட்டம் பார். அடி அகலத்தில் மூணு மடங்குக்கு மேலே உயரம் போனால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டணும் என்பது எங்கள் கைக்கணக்கு. பலகை மேடை துள்ளும், ஆடினால் அடுக்கும் ஆடும். மேடை ஓரத்தில் வைக்காதே. அதிர்வில் பெட்டி நகர்ந்துகொண்டே போகும், நமக்குத் தெரியாது.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்து வந்ததில்லை. நான் வேலை பார்த்த இன்னொரு ஊரில், வேறொரு செட்டுக்காரர் ஆறு பாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டாமல் அடுக்கியிருந்தார். சித்திரை மாசம், மழைக்கு முன்னால் வருகிற சுழிக்காத்து. அடுக்கு சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த நம்ம பையன் கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதலாளி, "அவன் என் ஆளே இல்ல, சும்மா கூட வந்தவன்" என்றார். விழாக் கமிட்டி, "நாங்க செட்டுக்குத்தான் பேசினோம், ஆளுக்குப் பேசல" என்றது. விழுந்த பாக்ஸுக்குக் கணக்குப் பார்த்தார்கள். காலுக்குப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரல் 14லும் எங்கள் பையன்கள் வந்து நின்றார்கள். "அண்ணே, ஊர்ல எட்டு பாக்ஸ் மலை மாதிரி அடுக்கினாங்க. அம்பேத்கருக்கு நாம பத்து அடுக்கணும்" என்றார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. எத்தனை காலமாகச் சத்தம் போடாதே, குனிஞ்சு போ என்று கேட்ட தெரு அது. உயரமாக நிற்கணும் என்று தோன்றத்தான் செய்யும். "பத்தே வைப்போம். மேல மேல வேணாம், பக்கத்துல பக்கத்துல வைப்போம். ரெண்டுக்கு மேல ஏத்த மாட்டேன்" என்றேன். ஒருத்தன் கோபித்துக்கொண்டான். "பயப்படுறியா?" என்றான். "ஆமாம்டா, உன் காலுக்குப் பயப்படுறேன்" என்றேன். இந்தாண்ட ஐந்து, அந்தாண்ட ஐந்து வைத்தோம். கெட்டியாகப் பேசியது. ராத்திரி 10 மணிக்கு நிறுத்தினோம். 2000ஆம் ஆண்டு ஒலி விதியில் 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஊருக்கும் காலனிக்கும் ஒரே விதிதான். காலனியில் மட்டும் கடிகாரம் சரியாக ஓடும்.

கடைசியாக எர்த். 1972இல் வேல்ஸ் பக்கம் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வே என்ற கிதார்காரர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்தார். ஒரு கை கிதாரில், ஒரு கை மைக்கில் இருந்தால் நெஞ்சு வழியாகக் கரண்ட் போகும். செட்டுக்கும் மைக்குக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடு. கம்பி அடித்து எர்த் போடு. 30 மில்லி ஆம்பியரில் விழுகிற பிரேக்கர் ஒன்று கண்டிப்பாக வேணும். தலைக்கு மேலேயும் பார். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தார்கள். கம்பிக்குக் கீழே கம்பமும் நடாதே, அடுக்கும் வைக்காதே.

தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கூட்டங்களுக்கும் செட் போடுகிறவன் நம் பையன்தான். மேடையில் விடுதலை பேசுகிறோம். கீழே அவன் ஒத்தையாகப் பெட்டி தூக்குகிறான். செட்டுக்கு வாடகை பேசும்போது எத்தனை ஆள் வருகிறார்கள், அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். எர்த் போட்டாச்சா என்று ஒருத்தர் போய்ப் பாருங்கள். நன்றி சொல்லும்போது "ஒலி, ஒளி அமைத்தவர்கள்" என்று மொத்தமாகச் சொல்லி முடிக்காமல் ஆள் பேரைக் கேட்டு வாசியுங்கள். பேர் தெரிந்த ஆளை, "என் ஆளே இல்ல" என்று யாரும் சொல்ல முடியாது.