முட்டை வண்டிக்கு வழி விட்டு… (ராஜ்தூத் பயணம் – 3)

சேலத்திலிருந்து நாமக்கல் வந்து சேர்ந்த கதையைப் போன இதழில் முடித்தபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புதுச்சத்திரம் தாண்டியதும் பின்னால் வந்த ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்ததில், நான் ரோட்டை விட்டே இறங்கிவிட்டேன். அவர் மேல் தப்பு இல்லை. நாற்பத்தைந்தில் போகிற வண்டியை நான்கு வழிச் சாலையில் ஓட்டினால் யாராக இருந்தாலும் அடிக்கத்தான் செய்வார்கள். ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை அது. அன்றைக்கு அதில் அவசரமில்லாத ஆள் நான் ஒருத்தன்தான். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத அந்த ஓரத்தில் நின்று, இந்தப் பயணம் முடியும் வரை பெரிய ரோடு கிடையாது என்று முடிவு பண்ணினேன். அந்த முடிவால் கிடைத்ததுதான் இந்த வாரக் கதை.

வண்டியைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ராஜ்தூத் 175. பெயரில்தான் 175, உள்ளே இருப்பது 173 சிசி. டூ ஸ்ட்ரோக், மூன்றே கியர். இதன் பிறந்த வீடு போலந்து. அங்கே கீல்ட்சே என்ற ஊரில் எஸ்.எச்.எல். எம்-11 என்று ஒரு வண்டி செய்துகொண்டிருந்தார்கள். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அந்த வடிவத்தை உரிமம் வாங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தது. 1973இல் ‘பாபி’ படத்தில் வந்த குட்டி வண்டிக்கும் எஞ்சின் இதுதான். பிற்பாடு விளம்பரத்துக்கு தர்மேந்திரா வந்தார். நம் பக்கம் இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சினிமாக்காரர்கள் இல்லை, பால்காரர்கள். மண் ரோட்டில் பக்கத்துக்கு ஒரு கேன் தொங்க, அதிகாலையில் புகை விட்டுக்கொண்டு போன வண்டி இது.

என்னுடையது மாமா வைத்திருந்தது. பத்து வருஷம் தொழுவத்தில் கிடந்து, சீட்டில் கோழி அடைகாத்த வண்டி என்பதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். ஐம்பதைத் தொட்டால் ஹேண்டில்பாரில் கை நடுங்க ஆரம்பிக்கும். ஐம்பத்தைந்தில் கண்ணாடியில் தெரிகிற உலகமே ஆடும். அறுபதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

நாமக்கல்லில் முதல் நாளே கிக்கர் புஷ் தேய்ந்து போச்சு. உதைத்தால் லிவர் தொளதொளவென்று ஆடுகிறது. சென்னையாக இருந்தால் ‘பார்ட்ஸ் வராது சார்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் இது லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர். வெறும் சேஸிஸாக, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஓட்டி வந்து சேர்கிற வண்டி, கேபினும் பாடியும் பின்பலகையில் பூவும் மயிலுமாக ஊரை விட்டுப் போகும். அந்த ஊரில் லேத்துக்குப் பஞ்சமா? பரமத்தி ரோட்டில் ஒரு பட்டறையில் தேய்ந்த புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மூலையில் கிடந்த கன்மெட்டல் துண்டை எடுத்து மாட்டினார். சுருள் சுருளாக மஞ்சள் பிசிறு பறந்தது. இருபது நிமிஷத்தில் புது புஷ், இன்னும் சூடாக, என் உள்ளங்கையில். நூற்றைம்பது ரூபாய்.

“கொல்லிமலைக்கா போறீங்க?” என்றார், காசை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டபடி.

“ஏறிடுமுங்களா?”

“ஏறும்போது பிரச்சினை இல்லைங்க. தாங்கலைன்னா அதுவே சொல்லிப்போடும், நீங்க நிறுத்திக்கலாம். எறங்கும்போதுதான் சொல்லாமக் கொள்ளாமப் புடிச்சுக்கும்.”

டூ ஸ்ட்ரோக் ஓட்டாதவர்களுக்கு இது விளங்காது. இந்த எஞ்சினில் ஆயிலுக்குத் தனி வழி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோம் (என் கணக்கு லிட்டருக்கு 40 மில்லி), பெட்ரோல் உள்ளே போனால்தான் ஆயிலும் போகும். இறக்கத்தில் கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டால் சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, ஆயில் மட்டும் போவதில்லை. காய்ந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வினால் பின்சக்கரம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே இறங்கும்போதும் இடையிடையே ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், இறக்கத்தில், ஆக்ஸிலேட்டர்! அது எப்படிப் போனது என்பதை அடுத்த வாரம்தான் சொல்வேன்.

மறுநாள் காலை ஆஞ்சநேயர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். 18 அடி உயரம், தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயில், மழை எல்லாம் அவர் மேலேயே. எதிரே பாறைக்குள் இருக்கிற நரசிம்மரைக் கும்பிட்டபடி நிற்கிறார். பாறையின் அந்தப் பக்கம் ரங்கநாதர் குடைவரை. எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்தது என்பார்கள். கல்வெட்டிலேயே அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பேர் இருக்கிறது. எனக்கு அங்கே அவ்வையார் ஞாபகம்தான் வந்தது. அந்த மரபின் பழைய அதியமான், தொண்டைமானிடம் தூது அனுப்பியது அவரைத்தானே. ராஜ்தூத் என்றால் அரசனின் தூதன் என்று அர்த்தம். தகடூரிலிருந்து காஞ்சி வரை போன அந்தத் தூதும் நாற்பதைத் தாண்டியிருக்காது.

சேந்தமங்கலம் ரோடு என் வண்டிக்கென்றே போட்டது போல இருந்தது. அகலமில்லை, ஆனால் புளியமரம் உண்டு. இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். நாற்பதில் போனால் ஒரு கொட்டகையின் நாற்றம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் நல்ல காற்றும் கிடைக்கிறது. காரில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் தவற விடுகிறார்கள். பின்னால் மெதுவாக ஒரு ஹாரன். முட்டை வண்டி. அட்டைக்கு முப்பது என்று அடுக்கி, கயிறு கட்டி, ஒரு மேடு பள்ளம் விடாமல் தடவிக்கொண்டு வருகிறது. ரோட்டில் இதைவிட நிதானமான வாகனம் இருக்க முடியாது. அதுவும் என்னை முந்திப் போச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சேந்தமங்கலத்தில் டீக்கடை ஓரம் வண்டியை அணைக்கும் முன்பே பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“ராசுதூத்துங்களா?”

எழுபதைத் தாண்டிய பெரியவர். என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சத்தத்தை வைத்தே சொன்னாராம். இருபது வருஷம் இதே வண்டியில் பால் ஊற்றியவர். விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, தோட்டம் தோட்டமாகப் போய்க் கறந்த பாலை வாங்கி, பக்கத்துக்கு ஒரு நாற்பது லிட்டர் கேன். “லோடு இருந்தாத்தான் தம்பி இது ஒழுங்கா நிக்கும். வெறும் வண்டி துள்ளும்” என்றார். இத்தனை நாள் எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் அங்கே தீர்ந்தது.

“ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா?”

நான் உதைத்தால் மூன்று உதையாவது வேண்டும், வெயில் நாளில் ஐந்து. அவர் அப்படி உதைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். லிவர் மேல் வெறும் காலை வைத்து மெல்ல அழுத்தினார். பாதி வந்ததும் லிவர் கெட்டியானது. அங்கே ஒரு நொடி நின்றார், கிணற்றில் குடம் தண்ணீரைத் தொட்டதைக் கயிற்றில் உணர்கிற மாதிரி. லிவரை மேலே வரவிட்டு ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

“ஒரு வட்டம்” என்று சொல்லிப் போனவர் பத்து நிமிஷம் திரும்பவில்லை. டீக்கடைக்காரர், “வருவாருங்க. பழைய வாடிக்கை வீட்டுப் பக்கமெல்லாம் போய்ட்டுத்தான் வருவாரு” என்றார். வந்ததும் சாவியை நீட்டியபடி ஒரே ஒரு குறை சொன்னார்: “பிரேக் புடிக்கலீங்க தம்பி. மலைக்குப் போறதுக்கு முன்னாடி ராடை ரெண்டு சுத்து முறுக்கிக்கோங்க.” முறுக்கியதும் அவரேதான். டீக்கு என்னைக் காசு கொடுக்கவும் விடவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி வரும்போது குச்சிக்கிழங்குக் காடுகள் தொடங்கிவிட்டன. மரவள்ளி என்றால் இந்தப் பக்கம் ஒரு நொடி யோசித்துத்தான் தலையாட்டுவார்கள், குச்சி என்றால் உடனே புரியும். ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில் வெள்ளை வெளேரென்று காயப் போட்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. புளித்த மாவு வாடை. ஒரு அம்மா காலாலேயே ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். நான் நிறுத்திப் பார்த்தேன். நிறுத்துவது இந்த வண்டியில் பெரிய விஷயமே இல்லை, போகும்போதே முக்கால்வாசி நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

காரவள்ளி. மலை இங்கேதான் தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை. மூன்றாவது கியரை அடிவாரத்திலேயே மறந்துவிட வேண்டும். நேரான இடத்தில் இரண்டு, வளைவில் ஒன்று, மறுபடி இரண்டு. பத்தாவது வளைவுக்குள் இடது கை கிளட்ச்சிலேயே மரத்துப் போச்சு. காற்றை வைத்துக் குளிரும் எஞ்சின் இது. ஏற்றத்தில் எஞ்சின் கதறுகிறது, வண்டி நடக்கிறது, காற்றோ அடிப்பதே இல்லை. கால் முட்டியில் அனல். ஆகவே ஐந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தம் என்று வைத்துக்கொண்டேன். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு ஒரே வீச்சில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாம். எனக்கு ஐந்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

நிறுத்தினால் எஞ்சினிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். சிலிண்டரைச் சுற்றி அடுக்காக இருக்கிற தகடுகள் ஆறிச் சுருங்குகிற சத்தம். முதலில் வேகமாக, பிறகு இடைவெளி விட்டு. இரண்டு டிக்குக்கு நடுவில் பத்து எண்ண முடிந்தால் கிளம்பலாம் என்று நானே ஒரு கணக்கு வைத்தேன். அந்தப் பத்துக்குள் ஒரு குரங்கு வந்து பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் குதித்து ஓடியது.

முப்பதாவது வளைவுப் பக்கம் ஐந்தாறு பையன்கள், பெரிய பெரிய வண்டி, ஹெல்மெட்டில் கேமரா. ஒருவன் மட்டும் நிறுத்தி, “அங்கிள், ஏதாச்சும் ஹெல்ப் வேணுமா?” என்றான். நல்ல பையன். வேண்டாம் என்றதும் பறந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் எல்லாரும் கீழே இறங்கிப் போனதையும் பார்த்தேன். எழுபதையும் எண்ணிவிட்டார்கள் போல, வேலை முடிந்தது. பலாமரத்தில் ஏறிய மிளகுக் கொடியை அவர்கள் கேமரா பார்த்திருக்கலாம், அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பொறாமைக்காரன் சொன்னான். என் புகையில் அந்தக் கொடி இருமியிருக்கும் என்பதையும் அவன்தான் சொன்னான்.

நாற்பத்தாறில் வண்டி தானாகவே நின்றது. பட்டறைக்காரர் சொன்ன மாதிரி, சொல்லிவிட்டுத்தான். டிக் டிக் எண்ணிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வளைவு வளைவாக ஏறி வந்தது. டிவிஎஸ் எக்ஸ்எல். 1980இல் டிவிஎஸ் 50 என்று ஓசூரில் தொடங்கிய குடும்பத்துப் பிள்ளை. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு, நடுவில் ஓட்டுகிறவர், அவர் வாயில் வெற்றிலை. எஞ்சின் என்னுடையதைவிடச் சிறியது. நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்.

“சூடாயிருச்சுங்களா?”

“ஆமாங்க.”

“ஆறட்டும், ஆறட்டும். மேல சோளக்காட்டுல டீ சொல்லி வெக்கறேன், வாங்க.”

சொல்லிக்கொண்டே நாற்பத்தேழில் திரும்பி மறைந்தார். சத்தம் மட்டும் ஐம்பது வரை கேட்டது. விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து நான் சோளக்காட்டில் போய் இறங்கியபோது, கடைக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, தட்டு போட்டு மூடி வைத்திருந்த ஒரு கிளாஸை எடுத்து நீட்டினார். ஆடை கட்டியிருந்தது.

(ஓடும்)