எர்த்து இல்லாத வீடு

மயிலாப்பூரில் பழைய வீடொன்றை வாங்க உத்தேசித்திருந்த நண்பர், வில்லங்கச் சான்றிதழையும் வாஸ்துவையும் பல தடவை பரிசீலித்துத் திருப்தியடைந்த பிறகு, சம்பிரதாயத்துக்காக ஒரு வயர்மேனை அழைத்திருந்தார். அவரோடு கூடவே அந்த வீட்டைச் சுற்றிவரும் சந்தர்ப்பம் எனக்கும் வாய்த்தது.

விளக்குகள் எரிகின்றனவா, விசிறிகள் சுற்றுகின்றனவா என்பதிலெல்லாம் வயர்மேனுக்குச் சிரத்தை இல்லை. மாடிப்படியின் கீழிருந்த மெயின் போர்டைத் திறந்து, பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை உருவி, அவற்றில் கட்டியிருந்த கம்பியைத்தான் முதலில் பார்த்தார். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாயும்போது தான் உருகி வீட்டைக் காக்க வேண்டியது ஃப்யூஸ் கம்பி. அது அடிக்கடி போய்விடுகிறதே என்ற எரிச்சலில், முன்பு குடியிருந்த யாரோ ஒரு புண்ணியவான், வயரிலிருந்து உரித்த தாமிர இழைகளைத் தடிமனாக முறுக்கிக் கட்டியிருந்தார். இனி உருகுவதானால் சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

அடுத்து, கூடத்திலிருந்த மூன்று துளைப் பிளக்கு. டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்துத் துளையிலும் வைத்தபோது பல்பு பிரகாசமாக எரியவே, நண்பரின் முகமும் மலர்ந்தது. வயர்மேனோ சந்தேகம் தீராதவராய், ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையைத் திருப்பிக் காட்டினார்.

"எர்த்து வயரே இல்ல சார். நியூட்ரலையே வளைச்சு மேல கொடுத்திருக்கான். பல்பு எரியத்தான் செய்யும்."

இதன் அபாயம் சாமானியமானதன்று. நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜின் இரும்பு உடலுக்கே 230 வோல்ட் வந்து சேரும். ஈரக் கையோடு அதன் கதவைத் திறப்பவரின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு அமைத்திருந்த எர்த்துக் குழியோ, தரை அழகாயிருக்க வேண்டுமென்று போட்ட டைல்ஸுக்கு அடியில் நீரின்றிக் கிடந்தது.

பின்னர் மெயினை அணைத்து, பல்புகளையும் சாதனங்களையும் கழற்றிவிட்டு, மெக்கரின் கைப்பிடியைச் சுழற்றினார். வயரின் உறை பழுதின்றி இருக்கிறதா என்று 500 வோல்ட் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது என்பது அவருடைய கணக்கு. குளியலறை லைனில் முள் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. சுவரின் ஈரம் வயருக்குள்ளும் இறங்கிவிட்டது.

சம்ப் மோட்டாரில் குறையில்லை. கீசரின் சேப்டி வால்வில் நீர் சொட்டுகிறதென்று அதையும் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டைக் கெடுத்தது அதன் வயது என்று எனக்குத் தோன்றவில்லை. தொந்தரவு செய்த காவற்காரர்களையெல்லாம் ஒருவர்பின் ஒருவராக வாயடைத்த சௌகரிய புத்திதான் அதைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

புது எர்த்துக் குழி, குளியலறைக்குப் புது வயரிங், பிளக்குகளுக்கெல்லாம் எர்த்து வயர், ஃப்யூஸ் கட்டைகளுக்குப் பதிலாக அளவு மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி., அவற்றுடன் மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று வயர்மேன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் செலவை நண்பர் வீட்டு விலையில் கழித்துக்கொண்டார். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் கரண்ட் போக வேண்டும். போகவில்லையென்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.