நீலப் பூவின் விதை

தலைநகர் தில்லியில் கையகல மண் கிடைத்தாலும் நம்மவர் முதலில் நடுவது கறிவேப்பிலை, அடுத்தது மல்லிகை. மார்கழி பிறந்தால் முன்னது இலையுதிர்த்து நிற்கும். பின்னது பூக்க மறந்துவிடும். அந்த வெறுமைக்காகவே நாங்கள் டெல்பினியம் விதைக்கத் தொடங்கினோம். மொட்டு, ஓங்கிலைப் போலிருப்பதால் கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர் அது. குளிர்நிலச் செடியே எனினும் அயலாள் அன்று. அதன் இனங்கள் இமயச் சரிவுகளில் தாமே பூக்கின்றன.

விதைக்கு வெப்பம் ஆகாது. 15 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியில் நன்கு முளைப்பது, 25-ஐக் கடந்தால் பெரும்பாலும் உறங்கிவிடும். ஆதலால் தீபாவளி கழியும்வரை பொறுத்திருந்து, இலைமக்கும் மணலும் கலந்த அகன்ற தொட்டியில் தூவி, மெல்லிதாக மண் மூடி, இருட்டுக்காக மேலே ஈரச்சாக்கு போர்த்துகிறோம். இரண்டு, மூன்று வாரங்களில் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். நீரை மேலே ஊற்றினால் நாற்று அழுகும்; தொட்டியின் அடியைத் தண்ணீரில் வைப்பதே நலம்.

விதையைச் சேமிப்பதில்தான் எங்களுக்குக் கவலை. ஈரமற்ற சீசாவில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலன்றி அது விரைவில் வலிவிழக்கும். பார்வைக்கோ அசல் கருஞ்சீரகம்! இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் ஒன்று மருந்து, மற்றது நஞ்சு. டெல்பினியத்தின் எல்லாப் பாகமும் நஞ்சே, விதையில் மிகுதி. எங்கள் பாட்டிக்கோ கண் மங்கல். அடுக்களையோ அவர் ஆட்சி. "சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. இந்த விஷத்துக்கா இத்தனை பாடு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாசி இறுதியில் மார்பளவு உயர்ந்த கதிர்கள் நீலமாய் விரிந்தன. கொம்பு நட்டுக் கட்டாவிடில் காற்றில் முறியும். கிழிந்த பழம்புடைவைக் கரையைக் கட்டுவதற்குத் தந்தவர் பாட்டியேதான்.

குளிர்நாடுகளில் வேர் பல்லாண்டு வாழும். இங்கே சித்திரை அனற்காற்றில் மாண்டுபோகும். அதற்குள் பழுப்பேறிய காய்களை வெடிக்குமுன் பறிக்கிறோம். கலப்பினச் செடியாகையால் வருகிற பூ தாயின் நிறத்தையே கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு இரயிலேறுமுன் சீசாவை மேல்தட்டில் தனியே வைத்தோம். அதன் கழுத்தில் பாட்டி சிவப்பு நூல் சுற்றி, விரலால் தடவினால் தெரியும்படி மூன்று முடிச்சு இட்டிருந்தார்.