அஸ்திவாரத்தை மட்டும் மாத்தலாமா?

கொடைக்கானல் என்று சொன்னால் நம்ம கிளாஸில் அடுத்த கேள்வி "குணா குகைக்குப் பக்கமா?" என்பதுதான். பக்கம் இல்லை மக்களே. கொடைக்கானலில் பஸ் ஏறி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி, சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் எங்க ஊர் கிளாவரை. அதற்கப்புறம் காடு. காட்டைத் தாண்டினால் கேரளாவின் வட்டவடை. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் விளையும். கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விளையாது. ஒரு ஸ்க்ரூ தொலைந்தால்கூட கீழே இறங்கணும்.

அங்கே எங்க அத்தை வீட்டு முன்ரூமில் ஒரு டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகை மெஷின் வைத்திருக்கிறார். பட்டா, சிட்டா பிரிண்ட், ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன், காலேஜ் அட்மிஷன் ஃபார்ம், இதுதான் வேலை. அந்த ரூம் இல்லையென்றால் ஒரு பேப்பருக்காக ஒருத்தர் போக வர எண்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகணும், அன்றைக்குக் கூலியும் போயிடும்.

டெஸ்க்டாப்பின் வயசு பன்னிரண்டு. ஐ3-4130 பிராசஸர், இரண்டு கோர், 4 ஜிபி ராம். பிரவுசரில் மூணாவது டேப் திறந்தால் பெருமூச்சு விடும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தியது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாவது தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏற்கும், டிபிஎம் 2.0-வும் வேணும். இது நாலாவது தலைமுறை. லினக்ஸ் போடலாமே என்று ஓபன் சோர்ஸ் ஆளுங்க கேட்பீங்க. எனக்கும் ஆசைதான். அத்தையிடம் இருக்கும் கைரேகை மெஷினுக்கு விண்டோஸ் டிரைவர்தான் இருக்கிறது. ஊர்க்காரங்க ஆதாரை வைத்து என் கொள்கையைச் சோதிக்க முடியாது.

பொங்கல் லீவுக்கு நான் வந்து மாத்தித் தரேன் என்று போனில் சொன்னேன். "புதுசு வாங்கப் போறியா?" என்றார். இல்லை அத்தை, மதர்போர்டும் பிராசஸரும் மட்டும் என்றேன். "வீட்டை இடிக்காம அஸ்திவாரத்தை மட்டும் மாத்துறேங்கிற. சரி, எதைத் தூக்கிப் போடப் போற, எதை வச்சுக்கப் போற?"

நாலு வருஷம் இன்ஜினியரிங்கில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. 'கம்பாட்டிபிலிட்டி' என்று ஆரம்பித்தேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதற்குத் தமிழ் வாயில் வரவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார்: "சேராதுன்னு சொல்லு." கத்திரிக்காய் உடம்புக்குச் சேராது என்கிற மாதிரி. அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. பழைய டிடிஆர்3 ராம் புது போர்டுக்குச் சேராது, வெட்டுப்பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். கேபினட் சேரும். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் சேரும். பழைய எஸ்எம்பிஎஸ் சேரும், ஆனால் எங்க ஊர் கரன்ட்டை நம்பி அதை மறுபடி மாட்ட எனக்கு மனசு இல்லை.

சரி, பிராசஸரை மட்டும் ஏன் மாத்த முடியாது? சாக்கெட்தான் காரணம். இன்டெலின் டெஸ்க்டாப் சாக்கெட் வரிசையைப் பாருங்க: 2013இல் எல்ஜிஏ 1150, 2015இல் 1151, 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851. 2017இல் இன்னும் அழகு. எட்டாவது தலைமுறை பிராசஸருக்கும் அதே 1151 பின்தான், ஆனால் முந்தைய போர்டுகளில் போட்டால் வேலை செய்யாது. எண்ணிக்கை ஒன்று, சேர்மானம் வேறு. ஏஎம்டி பக்கம் ஏஎம்4 கொஞ்சம் கருணை காட்டியது. 2017இல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில்தான் 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி-யும் உட்காரும். இதற்கு நேர்மாறு கேபினட். மதர்போர்டில் ஸ்க்ரூ போடும் ஓட்டைகள் எங்கே இருக்கணும் என்பது 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவில் முடிவானது. அதனால்தான் அத்தையின் துருப்பிடித்த கேபினட்டில் இன்றைய போர்டு ஒழுங்காக உட்கார்கிறது. இது கடையில் அசெம்பிள் பண்ணிய சிஸ்டம். பிராண்டட் டெஸ்க்டாப் பலதில் போர்டின் வடிவமும் பவர் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருக்கும். உங்க வீட்டில் அது இருந்தால் முதலில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு சனிக்கிழமை சுற்றினேன். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது. அதனால் ராம் மட்டும் செகண்ட் ஹேண்ட், 8 ஜிபி இரண்டு. பிராசஸர் 5600ஜி. அந்த 'ஜி' எழுத்து முக்கியம். வெறும் 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் போட்டால் திரையில் ஒன்றும் வராது. இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் அதே கதை. போர்டு ஏ520, விஜிஏ போர்ட் உள்ளது, ஏனென்றால் அத்தையின் மானிட்டரில் அது ஒன்றுதான் இருக்கிறது.

கடையை விட்டுக் கிளம்பும் முன்னால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். பிராசஸரையும் ராமையும் போர்டில் மாட்டி, பயாஸ் திரை வருவதைக் கண்ணால் பார்க்கணும். போர்டின் பயாஸ் பழசாக இருந்தால் புது பிராசஸரை அடையாளம் தெரியாது. சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் உண்டு, இதில் இல்லை. அப்போது அப்டேட் பண்ண பழைய ஏஎம்4 பிராசஸர் ஒன்று வேணும். கிளாவரையில் யார் வீட்டில் போய்க் கேட்பது? திரை வந்தது. பில் போட்டோம்.

ஊருக்குப் போனதும் டப்பாவைப் பிரிக்கவில்லை. வெளியே குளிரில் இருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் வந்தால் மூக்குக்கண்ணாடியில் பனி படியும் இல்லையா, போர்டிலும் படியும். ராத்திரி முழுக்க முன்ரூமிலேயே வைத்துவிட்டு, காலையில் கம்பளி ஸ்வெட்டரைக் கழட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஜனவரியில் எங்க ஊரில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்காருவது சும்மா இல்லை. ஆனால் கம்பளியில் இருந்து வரும் ஸ்டாட்டிக் போர்டைக் கெடுத்துவிடலாம். அப்பப்ப கேபினட்டின் இரும்பையும் தொட்டுக்கொண்டேன்.

பழைய போர்டின் எல்லா வயரையும் போட்டோ எடுத்துவிட்டுக் கழட்டினேன். புது போர்டை நேராகக் கேபினட்டில் போடவில்லை, அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து மாட்டினேன். பிராசஸரின் மூலையில் ஒரு தங்கக் கலர் முக்கோணம், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டும் நேராக வந்தால் அது தானாகவே இறங்கும். அமுக்கவே கூடாது. அடியில் 1331 பின் இருக்கிறது. கூலருக்கு முன்னால் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழட்டணும். அந்த நேரத்தில் பின்பக்கத் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடிக்கணும். அதற்கு அத்தையின் கை. "ஏ புள்ள, இதைப் பிடிக்கவா உனக்கு நாலு வருஷப் படிப்பு?"

ஸ்விட்ச் வயர் இல்லாமல், பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. வாசலில் பக்கத்து வீட்டுத் தாத்தா, கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்கு சிட்டா நகல் வேணும் என்று காலையில் இருந்து உட்கார்ந்திருந்தார். "வரலைன்னா சொல்லு தாயி, மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிடுறேன்." புது ராமை முதல் தடவை போர்டு பழகிக்கொள்ள கொஞ்ச நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். தாத்தாவுக்குத் தெரியாது. அந்த அரை நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயாஸ் வந்தது. "இருங்க தாத்தா, போகாதீங்க."

அப்புறம் கேபினட்டில் ஏற்றி, பயாஸில் டிபிஎம்-ஐ ஆன் பண்ணி, எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் 11. இந்த நேரத்தில் ஹார்டு டிஸ்க் கேபிளைப் பிடுங்கியே வைத்திருந்தேன். அத்தையின் பூண்டுக் கணக்கு முழுக்க அதில்தான். தவறிப்போய்க்கூட அதை ஃபார்மட் பண்ண வழி இருக்கக் கூடாது. நெட்வொர்க் டிரைவரை சென்னையிலேயே பென்டிரைவில் ஏற்றி வந்திருந்தேன். டிரைவர் இல்லாமல் நெட் இல்லை, நெட் இல்லாமல் டிரைவர் இல்லை. விண்டோஸ் லைசென்ஸ் புதுசு. கடையில் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் லைசென்ஸ் பழைய மதர்போர்டோடு போய்விடும், இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க.

மூணு மணிக்கு சிட்டா பிரிண்ட் ஆனது. தாத்தா காசு கொடுத்தார், அத்தை வாங்கவில்லை. "இது டெஸ்டிங்" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

பழைய போர்டு, ஐ3, ராம் மூணும் இப்போது என் ஹாஸ்டல் ரூமில் இருக்கிறது. மூணுமே வேலை செய்யும். கழட்டி மாட்டிப் பழகணும் என்று நினைக்கும் ஜூனியர்ஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க. இதில் பின் எல்லாம் போர்டு பக்கம் இருக்கு, அதுல மட்டும் விரல் வைக்காதீங்க.