மூலமும் படியும்

பழம்பொருளைப் போற்றுதல் நன்று. அதனைத் திருத்தப் புகுதலோ அச்சத்திற்குரியது. இவ்வுண்மையை யாம் நூல்வாயிலாக அறிந்திலேம். எம் கைப்பிழையால் அறிந்தோம்.

செங்கற்பட்டில் எம் இல்லத்தே, காலஞ்சென்ற எம் பாட்டியாருடைய புகைப்படங்கள் இரண்டே இருந்தன. எந்தையார் இளைஞராயிருந்த காலத்து, மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்திற்குக் குடும்பத்தோடு சென்றபோது எடுத்தவை அவை. தாட்படங்கள் 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையில் நனைந்து பாழாயின. முன்னரே கணினியில் ஏற்றிவைத்த படிகளே எஞ்சின. அவற்றுள் ஒன்றைத் துலக்கும் ஆசையால், சென்ற ஆண்டு கைப்பேசிச் செயலி ஒன்றில் இட்டுத் திருத்தி, மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டோம். முகத்துச் சுருக்கங்கள் மறைந்தன. நெற்றித் தழும்பும் உடன் மறைந்தது. எந்தையார் அதனைக் கண்டு, "தம்பி, அம்மாவின் தழும்பு எங்கே?" என்று மட்டும் வினவினார். அவர் கடிந்திலர், அதுவே எம்மைச் சுட்டது.

எஞ்சிய படத்தில், பாட்டியார் கடலைப் பின்னிட்டு நிற்கின்றார். வானம் ஒளிர, முகம் இருண்டுளது. அதனைத் தெளிவிக்கும் வழியைக் கணிதம் பயிலும் நண்பர் ஒருவரிடம் வினவ, அவர் எமக்கு ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைப் பயிற்றினார். 1990இல் வெளிவந்த இம்மொழி, ஹாஸ்கெல் கரி என்னும் தருக்க அறிஞரின் பெயர் தாங்கியது. கணிதச் சார்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஒன்றற்கு ஒருகால் அளித்த மதிப்பு பின்னர் மாறாது என்பது இதன் பொதுவிதி.

கணினியிலுள்ள படம் என்பது பிக்சல் எனப்படும் புள்ளிகளின் வரிசையே. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண் புள்ளிதோறும் உண்டு. ஜூசி பிக்சல்ஸ் என்னும் நிரல்தொகுப்பில் பிக்சல்மேப் என்றொரு சார்பு உளது. ஒரு புள்ளியை மாற்றும் விதியை யாம் கூறினால், அஃது அவ்விதியை எல்லாப் புள்ளிகட்கும் செலுத்திப் புதுப்படம் ஒன்றை ஆக்கித் தரும். பழையது பழையபடியே நிற்கும்.

'ஒவ்வோர் எண்ணையும் இரட்டிக்க' என விதித்தோம். முகம் தெளிந்தது, வானமோ திட்டுத்திட்டாகக் கறுத்தது! என்னை? எட்டுப் பிட்டுகளில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆதலின் 150ஐ இரட்டிக்க 300 ஆகாமல், 256 கழிந்து 44 ஆயிற்று. முன்போலாயின் மனம் உடைந்திருப்போம். மூலம் ஊறின்றி இருந்தமையால், பெரிய எண் அடங்கும் வகையிற் பெருக்கி, 255ஐ மிஞ்சின் 255 என நிறுத்துமாறு விதியைத் திருத்தினோம். புதுப்படத்தை வேறு கோப்புப் பெயரில் எழுதினோம். பழம்பெயரிலேயே எழுதின் ஹாஸ்கெலும் மூலத்தைக் காவாது.

பின்னர் அப்படம் எடுத்த இடத்தைக் காணச் சாளுவன்குப்பம் சென்றோம். ஆங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில், ஒரே வடமொழிச் சாசனம் ஒரு சுவரிற் பல்லவ கிரந்தத்திலும் மற்றொரு சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டுளது. எழுத்துக்கு எழுத்து மாற்றியும், ஒன்றற்காக மற்றொன்றைச் சிதைத்திலர். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், சிதைந்த அடிகளைத் தம் கற்பனையால் நிரப்பாது, சிதைவைச் சிதைவென்றே காட்டினார். யாம் வகுப்பிற் படித்துக் கடந்த அந்நெறியின் அருமை அன்றே எமக்குப் புலனாயிற்று.

மாலையில் இல்லம் திரும்பிப் புதுப்படத்தை எந்தையார் முன் வைத்தோம். நெற்றித் தழும்பு தெரிந்தது. அவர் நெடுநேரம் நோக்கியிருந்தார், பின், "மற்றொன்று?" என்றார். அதற்கு எம்பால் விடையில்லை.

நண்பர்காள், திருத்துதல் தவறன்று. மூலத்தின்மேல் எழுதுதலே தவறு.