குமிழைத் திருப்பினா கலர் மாறும்... தாத்தாவுக்கு மட்டும் மாறல!

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கரன்ட் போனால், அந்த வீட்டில் முதலில் தவிப்பது தாத்தாதான். அவருக்காகவே பாலிடெக்னிக் படிக்கும் பேரன், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஃபேன் ஒன்றைச் செய்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். வேகத்தைக் காட்ட, நிறம் மாறும் எல்.இ.டி. மெதுவாகச் சுற்றினால் பச்சை, வேகமெடுத்தால் சிவப்பு.

வயரிங் ரொம்ப சிம்பிள். குமிழுக்கு அடியில் இருப்பது 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர். அதன் ஓரக் கால்கள் இரண்டில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. நடுக்கால், ஆர்டுயினோ போர்டின் ஏ0 பின்னுக்கு. குமிழைத் திருப்பத் திருப்ப, போர்டு 0 முதல் 1023 வரை எண்ணைப் படிக்கும். எல்.இ.டி-யின் நான்கு கால்களில் நீளமானது கிரவுண்டுக்கு. மற்ற மூன்றும், ஆளுக்கொரு 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 9, 10, 11 பின்களுக்கு.

எல்லாம் தயார். தாத்தா குமிழைத் திருப்பினார்.

"என்னடா தம்பி... ஒரே கலர்லதானே எரியுது?"

பேரன் வயர்களைப் பிடுங்கி, மறுபடி சொருகினான். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போதுதான் அம்மாவுக்குப் பொறிதட்டியது. மார்க்கெட்டில் அப்பா தக்காளியை அழுத்திப் பார்த்துத்தானே பழமா, காயா என்று பொறுக்குவார்!

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்மா. சொன்னா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் தாத்தா.

சிவப்பு - பச்சை நிறப் பார்வைக் குறைபாடு பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அப்பாவுக்கு இருந்தால் மகள் அந்த மரபணுவைச் சுமப்பாள். அவள் மகனுக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"டேய், உனக்கு?" அம்மாவின் குரல் நடுங்கியது.

"எனக்குத் தெரியுதும்மா. தெரியாமலா பச்சை, சிவப்புன்னு வெச்சேன்?"

அன்றிரவு பேரன் வயரைத் தொடவில்லை. புரோகிராமில் சில வரிகளை மட்டும் மாற்றினான். மெதுவுக்கு நீலம். வேகத்துக்கு, சிவப்பையும் பச்சையையும் சேர்த்து எரியவிட்டு மஞ்சள். அந்த நீல எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

மறுநாள் கரன்ட் போனது. இருட்டில் தாத்தாவின் குரல்: "நீலம்... இப்ப மஞ்சள்!"

யாரும் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.